பூனைக்கு முடி கொட்டுகிறதா? மருந்துக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து வீட்டில் மிச்சமிருக்கும். பூனை ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கும். 'அதே தெள்ளுதானே' என்று பூனையின் பிடரியிலும் சில சொட்டு விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் காதும் முகமும் துடிக்கும், எச்சில் ஒழுகும், உடல் நடுங்கி வலிப்பு வரும். நாய்களுக்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி செய்கிற வேலை இது. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. சொறியால் சாகாத பூனை இந்த மருந்தால் செத்துப்போகலாம்.

அரிப்பு, முடி உதிர்வு, பொருக்கு ஆகியவை அறிகுறிகள் மட்டுமே. ஒரே மாதிரி தெரியும் வழுக்கைத் திட்டுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றை மோசமாக்கும்.

தெள்ளு ஒவ்வாமை

பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது தெள்ளையும் விழுங்கிவிடுவதால், கண்ணில் படவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும்: வால் அடியிலும் தொடையிலும் முடி போகும், தோலைத் தடவினால் கேழ்வரகு போலச் சின்னச் சின்னப் பொருக்குகள் தட்டுப்படும். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கறை பரவினால் அது தெள்ளின் எச்சம்.

பூனை மேல் இருப்பது சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் சோபாவிலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன. வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் அந்தந்த விலங்குக்கு உரிய மருந்து போட்டு, படுக்கையை வெந்நீரில் துவைத்து, சில மாதங்கள் விடாமல் தொடர்ந்தால்தான் தெள்ளு ஒழியும்.

படர்தாமரை

இது பூஞ்சை நோய். முகம், காது, முன்கால்களில் முடி ஒடிந்து, செதில் படிந்த திட்டுகளாகத் தொடங்கும். குட்டிகளுக்கும் பெர்சியன் போன்ற நீள்முடிப் பூனைகளுக்கும் அதிகம் வரும். மேலுக்கு நோய் தெரியாத பூனையும் இதைப் பரப்பும். மனிதருக்கும் ஒட்டும், குழந்தைகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். உதிர்ந்த முடியில் உள்ள பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதால் வீட்டைச் சுத்தம் செய்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

வீட்டில் யாருக்கோ வாங்கிய களிம்பைப் பூனைக்குத் தடவுவது இங்கேதான் அதிகம் கெடுக்கிறது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பும் அரிப்பும் அடங்கியது போலத் தெரியும்; பூஞ்சையோ பரவிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு உள்ள பல தோல் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-இல் அறிவித்திருக்கிறது.

மற்ற காரணங்கள்

காதில் கறுத்த அழுக்குத் திரண்டு பூனை தலையை உதறினால் காது உண்ணியாக இருக்கலாம். காது விளிம்பில் தடித்த பொருக்கு தொடங்கி முகம், கழுத்து என்று இறங்கினால் சொறி உண்ணி. மற்றப் பூனைகளுக்கு வேகமாகத் தொற்றும்.

முகத்தையும் கழுத்தையும் மட்டும் புண்ணாகும்வரை சொறிந்தால் உணவையும் சந்தேகிக்க வேண்டும். மீன், மாட்டிறைச்சி, கோழி மூன்றுமே பூனைக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. இதற்கு முன் சாப்பிட்டிராத ஒரே புரதத்தை மருத்துவர் சொல்படி சுமார் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. இடையில் ஒரு துண்டுக் கருவாடு போட்டாலும் சோதனை வீண்.

வயிற்று முடியை நக்கியே வழித்துவிடும் பூனைக்குச் சிறுநீர்ப்பை வலியோ மன அழுத்தமோ இருக்கலாம். வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத புண் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வெயில் படப்பட அங்கே புற்றுநோய் வரக்கூடும்.

செய்யக் கூடாதவை

பூனையின் தோலில் தடவியது நக்கி நக்கி அதன் வயிற்றுக்குப் போகும். பினாயில், மண்ணெண்ணெய், கர்ப்பூரம், டெட்டால், டீ ட்ரீ எண்ணெய் எதையும் தடவாதீர்கள். வேப்பெண்ணெயும் பூனைக்குப் பாதுகாப்பானதல்ல. பாராசிட்டமால் ஒரே மாத்திரையே உயிரைப் பறிக்கலாம்.

தவறிப்போய் நாய் மருந்தை ஊற்றிவிட்டால், நடுக்கம் தொடங்கும் முன் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் அந்த இடத்தைக் கழுவி, துண்டில் சுற்றி, மருந்து அட்டையோடு மருத்துவரிடம் ஓடுங்கள். வலிப்பு வந்துவிட்டால் கழுவிக்கொண்டிராமல் உடனே கிளம்புங்கள்.

உங்கள் உரிமையும் கடமையும்

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி பதிவு பெற்றவரே கால்நடை மருத்துவம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. தோல் சுரண்டல், முடிப் பரிசோதனை போன்றவை செய்தார்களா என்று கேளுங்கள். மருந்துச் சீட்டு, அறிக்கை, ரசீது மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். காலாவதியான மருந்து விற்றாலோ, கட்டணம் வாங்கிக்கொண்டு கவனக்குறைவாக நடத்தினாலோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலவு தடையாக இருந்தால் அரசு கால்நடை மருந்தகங்களும், சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களின் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் உள்ளன.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 3-ஆவது பிரிவு, வளர்க்கும் விலங்கின் நலனைக் காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி காரணமின்றிக் கைவிடுவது 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் என்பதால் குற்றம் சிறிதாகிவிடாது.

'குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும்' என்ற பயத்தில் பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் எங்கோ விட்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். தனி அறை, கையுறை, கை கழுவுதல், முழுச் சிகிச்சை இருந்தால் படர்தாமரை சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தீரும் நோய். தெருவில் விட்ட பூனைக்கு அந்தச் சிகிச்சை கிடைக்காது. அதோடு அது விட்டுச்சென்ற வித்துகள் உங்கள் வீட்டுப் பாயிலேயே இருக்கும்.