எழுவாய் எங்கே?

1909ஆம் ஆண்டில் ஓகில் சந்திர சென் என்ற வங்காளி அன்பர் ஒருவர் ரயிலில் பிரயாணம் செய்தார். வயிறு நிறையப் பலாப்பழம் உண்டிருந்தார். வீர்பூம் மாவட்டத்து அகமதுபூர் நிலையத்தில் வண்டி நின்றபோது, செம்பும் கையுமாக இறங்கி ஒதுங்கினார். அந்நாளில் கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. அவர் திரும்புமுன்னே கார்டு ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்தவர், பிளாட்பாரத்தில் பலர் காண விழுந்தார். வண்டி போய்விட்டது.

அவர் சாகிப்கஞ்ச் டிவிஷன் காரியாலயத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய புகார்க் கடிதம் ரயில்வே உலகில் பெரும் புகழ் பெற்றது. கீழ் வகுப்புகளுக்குக் கழிப்பறை வந்ததே இக்கடிதத்தால்தான் என்று எங்கள் இலாகாவில் வழிவழியாகச் சொல்வதுண்டு.

இக்கடிதத்தைப் படித்துக் காட்டிச் சிரிப்போர் பலர். ‘ஐ ஆம் அரைவ்’ என்று அது தொடங்குகிறது. ‘ஐ அரைவ்ட்’ என்பதே சரி. அடுத்து வரும் பிழைகளுக்கும் குறைவில்லை. ஆயினும், வந்தவர் யார், ஊதியவர் யார், விழுந்தவர் யார், தண்டிக்கப்பட வேண்டியவர் யார் என்பதில் படிப்பவருக்கு எள்ளளவும் ஐயம் எழாது. கடிதத்தின் வெற்றி அதில் இருக்கிறது. ஆங்கில இலக்கணத்தின் அடிப்படையும் அதுவேயாம்.

இதை எழுதும் நான் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றது. மேற்கு வங்காள அரசாங்கம் 1980களின் தொடக்கத்தில் ஆரம்ப வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. 1999இல் மூன்றாம் வகுப்பிலும், 2004இல் முதல் வகுப்பிலும் அது திரும்ப வந்தது. இடைக்காலத்தில் பயின்ற நான் ஆறாம் வகுப்பில்தான் ஏ, பி, சி கற்றேன். ஆகவே பண்டிதனாக அன்று, தட்டித் தடுமாறிக் கற்றவனாகவே சில சொல்ல விழைகிறேன்.

எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் குடும்பம் ஒன்றின் தலைவர் காலமானார். அவர் மனைவிக்குச் சேரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் வரவில்லை. பத்தாம் வகுப்புப் பயின்ற மகன், தாயார் பெயரில் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினான். ‘எனக்குப் பணம் கொடுக்கப்படவில்லை’ என்று சொல்ல நினைத்தவன், ‘ஐ ஹாவ் நாட் பெய்ட்’ என்று எழுதிவிட்டான். அதன் பொருள், ‘நான் பணம் செலுத்தவில்லை’ என்பதாகும். ஆறு வாரங்கள் கழிந்தபின், ‘தாங்கள் செலுத்தவேண்டிய தொகையின் விவரம் தெரிவிக்கவும்’ என்று பதில் வந்தது. அந்த அம்மையார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, அவர் கடன் ஏதாவது வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா?” என்று என்னைக் கேட்டார். நான் தலை குனிந்தேன். எழுவாய் தவறியதால் வந்த வினை அது.

தமிழில் ‘வந்தேன்’ என்றால் போதும்; வந்தவன் நான் என்பதை ஈற்றிலுள்ள ‘ஏன்’ சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்று மட்டும் சொன்னால், நானா, நீயா, அவனா என்று தெரியாது. ‘ஐ கேம்’ என்று எழுவாயை வெளிப்படக் கூறியே ஆகவேண்டும். ஏவல் வாக்கியங்கள் மட்டும் இதற்கு விலக்கு. இது முதற் பாடம்.

இரண்டாவது பாடம், இடம் அறிதல். ‘முருகன் கந்தனை அழைத்தான்’, ‘கந்தனை முருகன் அழைத்தான்’ இரண்டும் நமக்கு ஒன்றே. ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு கந்தனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அவ்வுருபு இல்லை. அது நிற்கும் இடமே அதற்கு உருபு. ‘முருகன் கால்ட் கந்தன்’ என்பதைத் திருப்பிப் போட்டால் அழைத்தவன் கந்தனாகி விடுவான். எழுவாய் முன்னே, வினை நடுவே, செயப்படுபொருள் பின்னே என்பது ஆங்கில வாக்கியத்தின் முதுகெலும்பு.

மூன்றாவது பாடம், ‘ஆம், ஈஸ், ஆர்’ என்னும் சிறு வினைகளைப் பற்றியது. ‘என் தந்தை ஆசிரியர்’ என்பது தமிழில் முழு வாக்கியம். வங்காளியிலும் அப்படியே. ஆங்கிலத்திலோ வினையின்றி வாக்கியம் நிற்காது. ‘மை பாதர் ஈஸ் எ டீச்சர்’ என்று வேண்டும். இதைக் கற்றவுடன் நம் குழந்தைகள் எங்கும் ‘ஆம்’ சேர்க்கத் தொடங்குவார்கள். ஓகில் பாபுவின் ‘ஐ ஆம் அரைவ்’ அவ்வாறு பிறந்ததே போலும். ‘அரைவ்’ தானே ஒரு வினை; அதற்குத் துணையாக அங்கே ‘ஆம்’ வேண்டியதில்லை; இறந்த காலத்துக்கு ‘அரைவ்ட்’ என்றாலே போதும்.

கல்கத்தாவில் வளரும் நம் குழந்தைகளுக்கு மட்டும் வாய்த்த ஓர் உபாயத்தையும் சொல்லவேண்டும். ‘எ’, ‘தி’ என்னும் சொற்கள் தமிழர்களுக்குப் பெருந்தொல்லை. ஆனால் தெருவில் வங்காளி பேசி விளையாடும் குழந்தை, ‘ஏக்டா பொய்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம், ‘பொய்டா’ என்றால் முன்னரே அறிந்த அந்தப் புத்தகம் என்பதை நன்கு அறியும். முன்னது ‘எ புக்’, பின்னது ‘தி புக்’. எல்லா இடத்திலும் பொருந்தாவிடினும், தொடங்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ‘ஹீ, ஷீ’ விஷயத்தில் வங்காளி உதவாது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான். அங்கே ‘அவன், அவள்’ என்று பிரித்துச் சொல்லும் நம் தமிழே கைகொடுக்கும். இரு மொழி அறிந்த குழந்தைக்கு மூன்றாவது மொழி பாரமன்று.

இனி அந்த விண்ணப்பத்துக்கு வருவோம். ‘கொடுத்தேன்’ என்பது செய்வினை. ‘கொடுக்கப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. நம் ‘படு’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘பி’ என்னும் வினையின் வடிவங்கள் செய்கின்றன. பையன் எழுதியதில் ‘பீன்’ என்ற ஒரு சொல் குறைந்தது. ‘ஐ ஹாவ் நாட் பீன் பெய்ட்’ என்றிருக்க வேண்டும். அச்சொல் இல்லாமையால், பணம் வரவேண்டியவர் பணம் தரவேண்டியவராக மாறிவிட்டார்.

நான் அவனுக்கு விண்ணப்பம் எழுதித் தரவில்லை. எழுதியதன் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும், ‘யார்? என்ன செய்தார்? யாருக்கு?’ என்ற மூன்று கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுதச் சொன்னேன். நான்காவது வாக்கியத்தில் அவன் பேனா நின்றது. “அண்ணா, இங்கே அம்மா பணம் தராததுபோல் இருக்கிறது” என்றான். தானே திருத்தினான். மூன்றாம் மாதம் நிலுவையுடன் பணம் வந்தது.

தாய்மார்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதென்று வருந்த வேண்டாம். குழந்தை எழுதிய வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி, ‘யார் செய்தது?’ என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்க ஆங்கிலம் தேவையில்லை.