மோட்டாருக்கு ஊற்றும் ஆயிலைப் பார்த்து வாங்குங்கள், பில்லோடு வாங்குங்கள்

கடலில் மோட்டார் நின்றுபோகக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் கடை வாசலிலேயே தடுத்துவிடக் கூடிய ஒன்று, தவறான ஆயில். குளச்சல், முட்டம், தூத்துக்குடி என்று நம் கரைகளில் வள்ளத்திலும் பைபர் போட்டிலும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் மாட்டித் தொழிலுக்குப் போகிறவர்கள், மோட்டார் வாங்கும்போது ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். எத்தனை குதிரைத்திறன், ஸ்பேர் கிடைக்குமா, எந்த மெக்கானிக் பார்ப்பார் என்று எல்லாம் கேட்டுத்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். அந்த மோட்டாருக்குள் தினமும் போகும் ஆயிலை மட்டும் “2டி ஒரு லிட்டர் கொடுங்கண்ணே” என்று கேட்டு, எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடுகிறார்கள்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் ஆயில் இன்ஜினுக்குள் தங்கிச் சுற்றுவதற்கு இடம் கிடையாது. அது எரிபொருளோடு கலந்தே உள்ளே போகிறது. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, அந்த எரிபொருளோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடுகிறது. ஆக இந்த ஆயிலுக்கு வேலை இரண்டு. உலோகமும் உலோகமும் உரசாமல் காக்க வேண்டும். காத்து முடித்ததும் கசடு வைக்காமல் எரிந்துபோக வேண்டும். கடையில் யாரும் கேட்காதது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

பைக்குக்கும் ஆட்டோவுக்கும் விற்கும் 2டி ஆயில், காற்றில் குளிர்ந்து நல்ல சூட்டில் ஓடும் இன்ஜினுக்காகச் செய்தது. அந்தச் சூட்டில் பிஸ்டன் சுத்தமாக இருப்பதற்காக உலோகம் கலந்த சேர்மானங்களை அதில் போடுகிறார்கள். அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அவுட்போர்டு மோட்டாரோ கடல்தண்ணீரை உறிஞ்சிக் குளிர்ந்துகொண்டே ஓடுவது. மீன் இருக்கும் இடம் வரை மணிக்கணக்கில் முழு வேகம், வலை விடும்போது மிக மெதுவான ஓட்டம் என்று அதன் உழைப்பும் வேறு மாதிரி. சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து கனன்றால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். கார், லாரிக்கு ஊற்றும் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில் இன்னும் மோசம். அது எரிவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல.

கடையில் கேட்க வேண்டியது டிசி-டபிள்யூ3 என்ற தரம். அமெரிக்காவின் தேசியக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கமான என்எம்எம்ஏ கொடுக்கும் சான்று இது. ரிங் ஒட்டிக்கொள்கிறதா, உப்புக்காற்றில் துரு ஏறாமல் காக்கிறதா, எரிபொருளில் நன்றாகக் கரைகிறதா, தண்ணீர் பட்டால் கூழாகி ஃபில்டரை அடைக்கிறதா என்றெல்லாம் சோதித்த பிறகே சான்று தருகிறார்கள். தேறிய ஆயிலின் பாட்டிலில் அந்தச் சங்கத்தின் முத்திரையும் உரிம எண்ணும் இருக்கும். “டிசி-டபிள்யூ3க்கு இணையானது” என்று மட்டும் அச்சிட்டு எண் எதுவும் போடாத பாட்டிலை நான் நம்ப மாட்டேன். ஜாசோ எஃப்சி, எஃப்டி என்று போட்டிருப்பவை நல்ல ஆயில்களாகவே இருக்கலாம். ஆனால் அவை பைக்குக்கு உரியவை.

நிறத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். நீலம், பச்சை, சிவப்பு எல்லாமே சாயம்தான். எரிபொருளில் ஆயில் கலந்தாயிற்றா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் அதைச் சேர்க்கிறார்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஆயிலிலும் அதே நீலத்தைக் கொண்டுவந்துவிடலாம்.

எவ்வளவு ஊற்றுவது என்பதை மோட்டாரோடு வந்த கையேடு சொல்லும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. புது மோட்டாரின் முதல் சில மணி நேரத்துக்கு இருபத்தைந்துக்கு ஒன்று என்று சொல்லியிருந்தால் அதே கேனுக்கு 800 மில்லி. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதை விட்டுவிட்டு, அளவுக் கோடு போட்ட குவளை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் எரிபொருள், அதன்மேல் ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதி எரிபொருள் என்ற வரிசையில் கலக்க வேண்டும். ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும் மோட்டார் என்றால், கையேடு சொன்னாலொழிய கேனில் கலக்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிளக்கே காட்டிக்கொடுக்கும். கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து, வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாகப் பிசுபிசுத்தால் ஆயில் கூடிவிட்டது, அல்லது எரிபொருள் சரியாக எரியவில்லை. வெளுத்துப்போயிருந்தால் உள்ளே சூடு அதிகம். வெள்ளைப் பீங்கானில் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் சிறு புள்ளிகள் தெரிந்தால், பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்திருக்கிறது என்று பொருள். அந்த மோட்டாரோடு கடலுக்குப் போகாதீர்கள்.

இனி உரிமைக்கு வருவோம். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் நீதிமன்றம் நமக்கு இல்லை என்ற எண்ணம் கரையில் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-இன் விளக்கத்திலேயே சொல்கிறது. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டு தானே உழைப்பவரும் நுகர்வோர்தான் என்பதை உச்ச நீதிமன்றம் 1995இல், கோவை பிஎஸ்ஜி தொடர்பான லட்சுமி இன்ஜினியரிங் வழக்கிலேயே தெளிவுபடுத்திவிட்டது. சொந்தப் படகில் தானே கடலுக்குப் போகும் மீனவர் இந்த வரையறைக்குள் வருகிறார். நான்கைந்து படகுகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளி இதை நிரூபிப்பது கஷ்டம்.

கடன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆயிலையும் எரிபொருளையும் பலர் ரொக்கத்துக்கு வாங்குவதில்லை. மீன் எடுக்கும் வியாபாரியிடமோ அவர் சொல்லும் கடையிலோ கணக்கில் எழுதி வாங்குகிறார்கள். கடன்பட்ட இடத்தில் பில் கேட்க நாக்கு எழுவதில்லை. அந்தத் தயக்கத்தில்தான் லேபிள் இல்லாத ஆயில் படகுக்குள் வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, கொடுப்பதாகச் சொல்லி வாங்கியவரும் நுகர்வோர்தான். சட்டத்தின் வாசகமே அப்படித்தான் இருக்கிறது. விற்ற பொருளுக்கு ரசீது தராமல் இருப்பது, பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே பில் கேட்பது கெஞ்சிப் பெறும் சலுகை இல்லை.

அடைத்து விற்கும் பாட்டிலில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. இவை இல்லாமல் விற்றாலோ விலைக்கு மேல் வாங்கினாலோ, எடையளவுச் சட்டத்தை அமலாக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

மோட்டார் நடுக்கடலில் சீஸ் ஆகி இறுகிவிட்டால் முதலில் உயிரைப் பாருங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இறுகிய மோட்டாரைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் சிலிண்டரும் கீறிப்போகும். கரைக்கு வந்ததும் அவசரப்பட்டுக் கழற்றவும் வேண்டாம். மீதி ஆயிலை அதே பாட்டிலில் இறுக மூடி, தேதி எழுதி, இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து ஒட்டி வையுங்கள். கேனில் இருக்கும் கலவையிலும் கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள். திறக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடியுங்கள். என்ன பழுது, எதனால் என்று மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி கேட்டுப் போனால் “தப்பான ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள்” என்று மோட்டார் நிறுவனம் கையை விரிக்கும்போது, பில்லும் இந்தப் பாட்டிலும்தான் உங்கள் பக்கம் பேசும்.

கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் நாகர்கோவிலுக்குப் போனால் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். பொருளைச் சோதித்துத்தான் குறையைச் சொல்ல முடியும் என்றால், ஆணையமே மாதிரிக்கு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அதைத் தனியாளாகத் தாங்குவது சிரமம்.

அதனால் ஒரே கடையில் வாங்கிய ஆயிலால் ஊரில் நாலு மோட்டார் போயிருந்தால் நாலு பேரும் தனித்தனியாக அலைய வேண்டாம். ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவர் வழக்குத் தொடுக்க, ஆணையத்தின் அனுமதியோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 35 வழிவிடுகிறது. ஊர்க் கமிட்டியோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ யார் யார் எந்தக் கடையில், எந்தத் தேதியில், எந்த பேட்ச் எண்ணுள்ள பாட்டில் வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினால் வழக்குக்கு வேண்டிய பாதி ஆதாரம் அதிலேயே சேர்ந்துவிடும். இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உண்டா என்று கேட்க 15100.