49 நாளில் பிறந்த வண்டி!
பழைய ஜீப் வாங்க ஆசையா? வாங்குமுன் தெரிந்து கொள்ளுங்கள்

ரோட்டில் ஆயிரம் கார்கள் போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று வந்தால் போதும். சிறுவர் முதல் பெரியவர் வரை நின்று பார்ப்பார்கள்.

புதுச்சேரி உழவர்கரையில் வண்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. ரெட்டியார்பாளையம் வழியாக விழுப்புரம் சாலையில் கார்கள் ஓடுகின்றன. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்கு நடுவே ஒரு பழைய ஜீப்பை வைத்துக் கொள்ள வேண்டும் என்ற ஆசை சிலருக்கு உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் அந்த வண்டியின் குணம் தெரியாமல் பணத்தைப் போட்டால், வண்டி வாசலில் நிற்கும். கடன் வீட்டுக்குள் வரும்.

பிறந்த கதை

1940ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. சேற்றிலும் மணலிலும் ஓடக்கூடிய சின்ன வண்டி ஒன்று அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போயிற்று. முதல் வண்டியை 49 நாளில் கொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை.

பெரிய கம்பெனிகள் தயங்கின. பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த பான்டம் என்ற சின்னக் கம்பெனி துணிந்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற இஞ்சினீயர் இரவு பகலாக வரைபடம் போட்டார். 1940 செப்டம்பர் 23ஆம் தேதி, கெடு முடிகிற அன்றே, வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது!

பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய கம்பெனிகள் அதைத் தயாரிக்கத் தொடங்கின. போர் முடிவதற்குள் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்கள் வெளிவந்தன. இந்தியாவில் 1949இல் பம்பாய் மஸகானில் மகிந்திரா கம்பெனி முதல் ஜீப்பைப் பூட்டி முடித்தது.

பிரெஞ்சுக்காரர் கற்ற பாடம்

1954 நவம்பர் 1ஆம் தேதி வரை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த புதுச்சேரிக்காரர்களை ஊரில் 'சொல்தா' என்பார்கள். அந்தப் பட்டாளத்துக்கும் ஜீப்புக்கும் ஒரு சுவையான தொடர்பு உண்டு.

போருக்குப் பின் பிரான்ஸ், தன் சொந்த ஜீப்பைச் செய்ய விரும்பியது. டெலஹாய் என்ற கம்பெனி நவீனமான வண்டி ஒன்றைச் செய்தது. அது கெட்டிக்கார வண்டிதான். ஆனால் விலை அதிகம், அமைப்பு சிக்கல், பழுது பார்ப்பது கஷ்டம். கடைசியில் பிரான்ஸ் பழைய ஜீப்புக்கே திரும்பியது. வில்லிஸ் கம்பெனியின் அனுமதியுடன் ஹாட்ச்கிஸ் கம்பெனி 1966 வரை 27 ஆயிரத்துக்கும் அதிகமான ஜீப்களைச் செய்து கொடுத்தது. எளிதாகப் பழுது பார்க்க முடிந்ததுதான் ஜீப்பைக் காப்பாற்றியது.

நான்கு சக்கரமும் இழுக்கும்

அந்தக் காலத்துச் சாதாரணக் காரில் இஞ்சின் பின் சக்கரங்களை மட்டும் சுற்றும். அவை சேற்றில் புதைந்தால் கார் நின்றுவிடும். ஜீப்பில் துணை கியர் பெட்டி ஒன்று இருக்கிறது. அது இஞ்சினின் பலத்தை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். பின் சக்கரம் வழுக்கினாலும் முன் சக்கரம் இழுத்துவிடும்.

இதற்காக டிரைவர் பக்கத்தில் இரண்டு சின்ன லீவர்கள் உண்டு. ஒன்று முன் சக்கரங்களைச் சேர்க்கும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். உலர்ந்த தார் ரோட்டில் முன் சக்கர லீவரை எடுத்துவிட வேண்டும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் சுற்றுகின்றன. இரண்டையும் பூட்டியே வைத்தால் கியர்களும் டயர்களும் தேய்ந்து போகும்.

போர்க்கால ஜீப்பின் முன்விளக்கில் ஓர் அதிசயம் உண்டு. ஒரு திருகைத் தளர்த்தினால் விளக்கு இஞ்சின் பக்கம் திரும்பும். இருட்டில் பழுது பார்க்க வேறு விளக்கே வேண்டாம்!

முதல் செலவு எதற்கு?

பலர் முதலில் பெயிண்ட் அடிக்கிறார்கள். அது தவறு. முதல் செலவு பிரேக்குக்கு. இந்த ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் பாதைதான். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு பிரேக்கும் போய்விடும். குடும்பத்தை ஏற்றுமுன் குழாய்களையும் ரப்பர்களையும் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் குழாய். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது, ஊறி வெடித்துவிடும். போர்க்கால ஜீப்பில் பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது எதிரி துரு. ஜீப்பின் உடம்பு இரும்புத் தகடு. புதுச்சேரியில் கடல் காற்று வேறு. தரைத் தகட்டையும், அடியில் உள்ள சேசிஸையும் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். பளபளப்பான பெயிண்ட் ஓட்டையை மறைத்துவிடும்.

உதிரிப் பாகம் பற்றிப் பெரிய பயம் வேண்டாம். வில்லிஸ் அமைப்பை ஒட்டிய ஜீப்களை மகிந்திரா பல ஆண்டுகள் தயாரித்தது. அதனால் பல பாகங்கள் கிடைக்கின்றன. கிடைக்காததை நல்ல லேத் பட்டறையில் கடைந்து கொள்ளலாம்.

காகிதமும் முக்கியம்

பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, 'அசல் வில்லிஸ்' என்று விற்பவர்களும் உண்டு. சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எண் மாறியிருந்தால் பணமும் போகும்; வண்டியும் போகும். வாங்கிய பின் இஷ்டப்படி வண்டியின் அமைப்பை மாற்றுவதும் குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி நம்பர் தருவார்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய் என்று விதி சொல்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வாடகைக்கு விடவே கூடாது. அதனால் எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது.

மலையில் ஓடிய முதியவர்கள்

ஜீப்பைப் பார்த்து 1948இல் இங்கிலாந்தில் பிறந்தது லேண்ட் ரோவர். அன்று அங்கே இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். உடம்பு துருப்பிடிக்காத அந்த வண்டிகளை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் டார்ஜிலிங் மலைக்குக் கொண்டு வந்தார்கள்.

அங்கே மானேபஞ்சாங் என்ற ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு 31 கிலோமீட்டர் ஏற்றம். 2018இல், லேண்ட் ரோவர் பிறந்த 70ஆம் ஆண்டிலும், 40க்கும் அதிகமான பழைய லேண்ட் ரோவர்கள் அங்கே ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து கொண்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் கோடீஸ்வரர்கள் அல்ல. வண்டியை நம்பிப் பிழைத்த மலைவாசிகள். பழுதைத் தாங்களே பார்த்தார்கள். தகப்பன் கற்ற தொழிலை மகன் கற்றான்.

பழைய வண்டி வைத்திருப்பவருக்கு வேண்டியது அந்தப் பழக்கம்தான். நகையை அடகு வைத்து வாங்குகிற பொருள் அல்ல ஜீப். கைக்கு அடங்கிய பணமும், நேர்மையான மெக்கானிக்கும், ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் படச் சம்மதமும் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். மகனையும் மகளையும் பக்கத்தில் நிறுத்தி, ஸ்பானரைக் கையில் கொடுக்கலாம். அந்த வீட்டில் ஜீப் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.