சாமை எப்போது தள்ளுவண்டி ஏறும்?

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் நிலையத்துக்கு வெளியே போய் நின்றாலும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். சிவப்பு எழுத்தில் 'பாஸ்ட் புட்' என்று பலகை இருக்கும். உலகத்துக்கு அந்த வார்த்தை பர்கர், பீட்சா. நமக்கு பிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். சீனாவையே பார்க்காத சீனச் சாப்பாடு! சிக்கன் மஞ்சூரியனை 1975-இல் மும்பையில் முதலில் செய்தவர் நெல்சன் வாங், கல்கத்தாவில் பிறந்த சீனர் என்பார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று நம்ம மசாலாவைத்தான் எடுத்தார். கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ், கெட்டியாக்கச் சோளமாவு. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது அந்த வண்டி ஜவ்வாது மலைமேலும் ஏறியாச்சு. ஜமுனாமரத்தூர் கடைவீதியில் வாணலிச் சத்தம் கேட்குது. சனி, ஞாயிறு பீமன் மடவு அருவிக்கு வருகிற கூட்டம் மட்டும் சாப்பிடுதுன்னு நினைக்காதீங்க. மலைப் பிள்ளைகளும் பத்து ரூபாய் நூடுல்ஸ் பாக்கெட்டோடதான் வீட்டுக்குப் போறாங்க. அதே கடைவீதியில் சாமை மூட்டை மூட்டையா வியாபாரி லாரியில் ஏறி, மலையை விட்டு இறங்குது.

நம்ம கூட்டங்களில் துரித உணவு என்றாலே திட்டு விழும். எனக்கு அந்தத் திட்டில் உடன்பாடு இல்லை. வேகமாகச் சாப்பிடுவது உழைக்கிறவங்க பழக்கம். ராத்திரி தண்ணி ஊத்தி வச்ச சோறு, காலையில் உப்பும் சின்ன வெங்காயமும், ரெண்டு நிமிஷத்தில் வயிறு நிறைஞ்சு ஏர் கட்டப் போன சனம் நாம. மலையில் கேழ்வரகுக் கூழும் அந்த வேலையைத்தான் செஞ்சது. அவசரம் என்றைக்கும் இருந்தது. அந்த அவசரத்துக்கு எந்தத் தானியம் பானையில் விழுது என்பதுதான் நம்ம கவலையா இருக்கணும்.

ஆசியாவில் பெரிசான உணவுச் சங்கிலிகளைப் பாருங்க. ஜப்பானில் யோஷினோயா 1899-இல் டோக்கியோ மீன் சந்தையில் ஆரம்பித்த கடை. மீன் கூடை தூக்குகிறவங்களுக்கு உட்கார நேரம் கிடையாது. ஒரு கிண்ணம் சூடான சோறு, மேலே வெங்காயத்தோடு வெந்த மாட்டிறைச்சி; வாங்கினான், சாப்பிட்டான், போனான். பிலிப்பைன்ஸில் ஜாலிபீ 1975-இல் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கியது, 1978-இல் நிறுவனமானது. 1981-இல் மெக்டொனால்ட்ஸ் அங்கே வந்தபோது எல்லாரும் ஜாலிபீ கதை முடிஞ்சதுன்னாங்க. முடியல. பொரிச்ச கோழிக்குப் பக்கத்தில் ஒரு கை சோறு வைத்தார்கள், உள்ளூர் நாக்குக்கு இனிப்பான சாஸ் போட்டார்கள். இன்றைக்கும் அந்த நாட்டில் முதலிடம் அவர்களுக்குத்தான். ரெண்டு கடையும் தன் மண்ணின் அரிசியை விடவில்லை.

யோஷினோயா கதையில் இன்னொரு பக்கமும் இருக்கு. நான் பேங்கில் இருந்தவன், கடன் கணக்குப் பார்த்தே பழகின கண்ணு. அதனால் இந்தப் பக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். கடைகளை வேகமாகப் பெருக்கினார்கள். செலவைக் குறைக்க உலர்த்திய இறைச்சி, பொடியில் கரைத்த குழம்பு என்று போனார்கள். ருசி போச்சு, ஆளும் போச்சு. 1980-இல் கம்பெனி திவாலாகி, பிறகுதான் மீண்டது. அப்புறம் 2004. அமெரிக்க மாடுகளுக்கு நோய் வந்ததால் ஜப்பான் இறக்குமதியை நிறுத்தியிருந்தது. இவர்களோ அமெரிக்க இறைச்சியையே நம்பியிருந்தவர்கள். நூறு வருஷமா விற்ற அந்தக் கிண்ணத்தையே பட்டியலில் இருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மூலப்பொருளுக்கு ஒரே வாசல் வச்சிருந்தா, அந்த வாசலை வேறொருத்தன் சாத்தலாம்.

இதற்கு நேர் எதிர்க் கதை நூடுல்ஸ். போருக்குப் பிறகு ஜப்பானில் பஞ்சம். அமெரிக்கக் கோதுமை மாவு கப்பலில் வந்து இறங்கியது. அந்த மாவைக் கொண்டு மோமோஃபுகு ஆண்டோ 1958-இல் உடனடி நூடுல்ஸ் செய்தார். சூட்சுமம் எண்ணெயில்தான். வெந்த நூடுல்ஸை எண்ணெயில் பொரிக்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஓடிப்போய், நுண்ணிய ஓட்டைகள் மிஞ்சுது. பிறகு வெந்நீர் ஊத்தினா அந்த ஓட்டை வழியா நீர் ஏறி மறுபடி மெத்துன்னு ஆகுது. 1963-இல் கொரியாவின் சாம்யாங் கம்பெனி ஜப்பானியத் தொழில்நுட்பத்தைக் கொண்டு அதையே 10 வோனுக்கு விற்றது. அரிசி பற்றாக்குறைக் காலம். கோதுமை சாப்பிடு, பார்லி கலந்து சாப்பிடு என்று அரசாங்கமே சொன்னது. 1970-களில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளின் டப்பாவைத் திறந்து, வெறும் அரிசிச் சோறா என்று சோதிப்பாராம். இப்போது உலகம் ஒரு வருஷத்தில் சாப்பிடுகிற உடனடி நூடுல்ஸ் சுமார் 12,000 கோடி கிண்ணம். எங்கோ மிஞ்சின கோதுமை ஒரு கண்டத்தின் நாக்கை மாத்திடுச்சு.

மலையிலும் சாமையின் இடத்தைப் பிடித்தது முதலில் நூடுல்ஸ் இல்லை, அரிசி. 2011-லிருந்து ரேஷனில் விலையில்லா அரிசி. உரல் உலக்கையில் சாமை குத்தி, புடைச்சு, கல் பொறுக்கி, அதுக்கப்புறம் உலை வைக்கணும் என்றால், கையில் இருக்கிற வெள்ளை அரிசியை விட்டு எந்தப் பெண் அதைச் செய்வாள்? ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி என்கிட்ட சொன்னது இது: "சாமை ருசிதான் ஐயா, குத்துற கைதான் இல்ல." அந்தம்மா சொன்னதில் முழு விஷயமும் இருக்கு. சாமையின் உமி தானியத்தோடு இறுக்கி ஒட்டியது. சமைக்க பத்து, பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகும். சமையலுக்கு முன்னாடி வேலைதான் அரை நாள்.

ஆக சாமை 'மெதுவான' தானியம் இல்லை. அரிசியாக்கிக் கொடுத்துட்டா அது வண்டிக்கடைக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி. பிரைடு ரைஸ் போடுகிற தம்பிகளைக் கவனிச்சுப் பாருங்க. சூடான சோற்றை வாணலியில் போட மாட்டாங்க, குழைஞ்சு கட்டியாயிடும். மத்தியானமே வடிச்சு, தாம்பாளத்தில் பரப்பி, ஆற வச்சு, உதிரியானதும்தான் எடுப்பாங்க. அதுக்கப்புறம் பெரிய தீயில் மூணு நிமிஷம். சாமைச் சோறு ஆறினா அரிசியை விட நல்லாவே உதிரும்.

போன தையில் எங்க ஊர்ப் பக்கம், அடிவாரத்தில், வண்டி வச்சிருக்கிற ஒரு தம்பியிடம் ரெண்டு கிலோ சாமை அரிசி கொடுத்தேன். அரை மணி நேரம் ஊற வச்சு, ஒன்றுக்கு ரெண்டு பங்குக்கும் கொஞ்சம் கம்மியாத் தண்ணி வச்சு, கொஞ்சம் எண்ணெய் விட்டு வேக வச்சோம். பரப்பி ஒரு மணி நேரம் ஆற விட்டோம். முட்டைகோஸ், கேரட், முட்டை எல்லாம் வழக்கம்போல. அன்றைக்கு வந்த பசங்களில் பாதிப் பேர் வித்தியாசமே கேட்கவில்லை. ஒருத்தன் மட்டும் "அண்ணே, இன்னைக்கு அரிசி ரொம்ப பொடிசா இருக்கே" என்றான். சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் சொன்னான்.

அந்த எண்ணெயிலும் சாஸிலும் புரட்டின சாமை மருந்தாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சிறுதானியம் என்று ஒட்டி வைத்தாலே நோய் ஓடிப்போகும் என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் கணக்கு வேறு. ஒரு பிளேட்டுக்கு நூறு கிராம் அரிசி. வண்டியில் நாளைக்கு 40 பிளேட் சாமையில் போட்டால் 4 கிலோ. மாசத்தில் 26 நாள் என்றால் 104 கிலோ. நூறு கிலோ சாமையில் சுமார் 60 கிலோ அரிசி கிடைக்கும். அப்போ மாசம் 170 கிலோ சாமை, வருஷத்துக்கு ரெண்டு டன். மானாவாரியில் ஏக்கருக்கு 350 கிலோ வந்தால், ஒரே ஒரு தள்ளுவண்டி ஆறு ஏக்கர் சாமையைத் தின்னும். பத்தில் ஒரு பங்கு விற்றாலும் அரை ஏக்கருக்கு மேல். சென்னையில் ஏசி கடையில் அரைக் கிலோ பாக்கெட்டா அடுக்கி வைக்கிறதை விட இது நிலையான வாடிக்கை.

தம்பிக்கு ஒரே பிரச்சினை, விலை. அரிசிக்கும் சாமை அரிசிக்கும் கிலோவுக்கு 50 ரூபாய் வித்தியாசம் என்றால் பிளேட்டுக்கு அஞ்சு ரூபாய். "அஞ்சு ரூபா ஏத்தினா பக்கத்து வண்டிக்குப் போயிடுவாங்க சார்." நியாயம்தான். அந்த அஞ்சு ரூபாய் விவசாயிக்கு வருகிற பணமாக இருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். அது லாரிக்கும், மில்லுக்கும், இடைத்தரகுக்கும், பாக்கெட்டுக்கும் போகிற பணம். மலையில் விளைஞ்சது கீழே போய் உமி நீங்கி, பளபளன்னு பாக்கெட்டாகி, திரும்ப மலைக்கே விற்பனைக்கு வருது.

அதனால் உமி நீக்குகிற இயந்திரம் மலையிலேயே இருக்கணும். மகளிர் குழுக்கள் அந்த வேலையில் இறங்கியாச்சு. அது பெரிய விஷயம். ஆனால் உமி நீக்கும் இயந்திரம் மட்டும் போதாது. மண் களத்தில் அடிச்ச சாமையில் அதே அளவுக் கல் இருக்கும். கல் நீக்கும் இயந்திரம் இல்லாம வண்டிக்காரன் வாங்க மாட்டான். ஒரு பல்லு நறுக்குன்னா அந்த வாடிக்கையாளர் போனார். பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் தொழில்கள் திட்டம் 2020-இல் வந்தது. இயந்திரச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை மானியம். அது வங்கிக் கடனோடு சேர்ந்தது. மேனேஜர் முதலில் கேட்பது 'யாருக்கு விற்பீங்க?' என்றுதான். நாலு வண்டிக்காரர்கள், ரெண்டு விடுதி மெஸ், வாரம் இத்தனை கிலோ என்று எழுதிக் கொடுத்த தாள் இருந்தா விண்ணப்பம் வேறு மாதிரி நகரும். நான் அந்த நாற்காலியில் இருந்தவன், சொல்றேன்.

இன்னொன்று, இருப்பு. உமியோட இருக்கிற சாமை வருஷக்கணக்கில் கெடாது. அரிசியாக்கிட்டா தவிட்டில் இருக்கிற எண்ணெய் காற்று பட்டு சில மாசத்தில் சிக்கு வாடை அடிக்கும். தவிட்டை முழுசா தீட்டிட்டா வாடை வராது, ஆனா நாம எதுக்குச் சாமை சாப்பிடுறோமோ அதுவும் போயிடும். தீர்வு எளிது: மூட்டையா வச்சுக்கோங்க, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைங்க. சென்னைக் கடைக்கு இப்படி அனுப்ப முடியாது; ஜமுனாமரத்தூர் வண்டிக்கும், ஆலங்காயம், போளூர், செங்கம் வண்டிகளுக்கும் முடியும். பக்கத்தில் விற்கிறவனுக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது.

ஜப்பானில் மாஸ் பர்கர் என்று ஒரு சங்கிலி. 1987-இல் ரொட்டிக்குப் பதிலாக அரிசிச் சோற்றை வட்டமாக அழுத்தி, அதுக்கு நடுவில் கறி வச்சு விற்றார்கள். அந்தக் கடைகளில் ஒரு கரும்பலகை இருக்கும். இன்றைக்கு இந்தத் தக்காளி எந்த ஊர், இந்தக் கீரை எந்த விவசாயி என்று எழுதியிருப்பார்கள்.

நம்ம தம்பியின் வண்டியில் இப்போதைக்குக் கரும்பலகை இல்லை. வாரம் பத்து கிலோ, கல் இல்லாமல், கிலோ 75 ரூபாய்க்குக் கொடுத்தால் சனி, ஞாயிறு மட்டும் போடுகிறேன் என்கிறான். மலையில் குழுப் பெண்களிடம் கேட்டதற்கு 85 கேட்கிறார்கள். ஆடி விதைப்புக்கு முன்னால் ரெண்டு தரப்பையும் ஒரு டீக்கடையில் உட்கார வைக்கணும்.