சுவருக்குள் ஓடும் மின்சாரம்

வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் எச்சரித்த காலத்தில் சுவரும் கூரையும் கிணறும் அமைந்தால் வீடு நிறைவெய்திற்று. இன்றோ சுவருக்குள் மறைந்து ஓடும் மின்கம்பியும் வீட்டின் ஓர் அங்கமாகிவிட்டது. சுவரின் விரிசலைக் கண் காணும். கம்பியின் குறை, பல சமயங்களில், ஓர் உயிர் போன பின்னரே வெளிப்படுகிறது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வீட்டைத் தாமே முன்னின்று எழுப்பிக்கொள்ளும் குடும்பங்கள் பல. ஆந்திரப் பிரதேச அரசு 2020 டிசம்பர் 25இல் தொடங்கிய ஏழையர் வீட்டு வசதித் திட்டத்திலும் இதற்கு இடமிருந்தது. அரசு பொருள்களை வழங்க வீட்டைத் தாமே கட்டிக்கொள்வது ஒரு வழி; பொருளையும் தாமே வாங்கிக் கட்டி, வேலையின் படிகளுக்கேற்பப் பணம் பெறுவது மற்றொரு வழி; அரசே கட்டித் தருவது மூன்றாம் வழி. முதல் இரு வழிகளில் வேலையைக் கண்காணிக்கும் பொறுப்பு பெரிதும் குடும்பத்தாரையே சார்ந்தது.

இத்தகையோர் மின்வேலையையும் தாமே செய்துகொள்ளலாமா? 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இதற்கு வரம்பு வகுத்தன. பின்னர் 2010இலும் 2023இலும் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் அவ்வழியையே பின்பற்றின. விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்சு ஆகியவற்றை மாற்றுவது போன்ற சிறு வேலைகளை வீட்டார் செய்யலாம். புதிதாகக் கம்பி அமைப்பது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் பணியாகும். ஆயினும், வேலையை அறிந்து கேட்பதற்கும் பார்த்துச் சோதிப்பதற்கும் உரிமம் வேண்டியதில்லை. வீட்டார் கற்க வேண்டிய கல்வி அதுவே.

முதற்பாடம் கணக்கு. நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு கருவியின் வாட் அளவை 230ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது ஏறத்தாழப் புலப்படும். ஆறு விளக்கும் இரண்டு விசிறியும் சேர்ந்து 230 வாட் என்று கொண்டால், 1 ஆம்பியர்தான். 2,000 வாட் வெந்நீர்க் கருவி ஒன்றே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கிறது. ஆகவே விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், பெரிய பிளக்குகளுக்கு 2.5, வெந்நீர்க் கருவிக்கு 4 என்ற அளவுகளும் வழக்கில் உள்ளன. மெல்லிய கம்பியில் பெரும் சுமையை ஏற்றினால் கம்பி சூடேறி, மேலுறை உருகி, தீப்பற்றக்கூடும்.

இரண்டாம் பாடம் நிறம். நம் நாட்டு வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றுள் ஒன்று பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. ஸ்விட்சு பேஸ் கம்பியிலேயே அமைய வேண்டும். நியூட்ரலில் அமைந்தால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் உயிரோடிருக்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு அந்தச் செய்தி தெரியாது.

மூன்றாம் பாடம் எர்த்து. செலவைக் குறைப்பதற்காகப் பச்சைக் கம்பியை விட்டுவிடும் வழக்கம் மிகக் கொடியது. கிரைண்டரின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அது மண்ணுக்குச் செல்ல எளிய வழியைத் தருவது அக்கம்பியே. அவ்வழி இல்லையேல், தொடுபவரின் உடலே வழியாகும். இராயலசீமையின் வறண்ட, பாறை கலந்த மண்ணில் மின்தடை அதிகம். எர்த்துக் குழியைக் கட்டடத்திலிருந்து 1.5 மீட்டருக்கேனும் அப்பால் தோண்டி, கோடையில் நீர் ஊற்றி ஈரமாக வைத்திருத்தல் நலம்.

நான்காம் பாடம் காவல் கருவிகள். எம்.சி.பி. கம்பியைக் காக்கிறது, மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று பின்னது இடைவிடாது ஒப்பிடுகிறது. கணக்கு 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ, ஒருவேளை ஒரு குழந்தையின் உடல் வழியே, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். இமைப்பொழுதில் அக்கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குக.

இவற்றைக் கேட்பதற்குத் தெலுங்கு தடையாகாது. பேஸ், நியூட்ரல், எர்த்து ஆகிய சொற்கள் இரு மொழித் தொழிலாளர்க்கும் பொதுவானவை. மேலும், சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது; தமிழ் அங்கு இன்றும் வேற்றுமொழியன்று. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களும் இம்மூன்று சொற்களைக் கொண்டே கேட்கத் தொடங்கலாம்.

கேட்பதற்கு உரிய காலம் பூச்சு வேலைக்கு முன்னர். குழாய்கள் செல்லும் வழியை அளவுகளுடன் வரைபடமாக எழுதி, புகைப்படமும் எடுத்து வைத்தல் வேண்டும். பின்னாளில் ஆணி அடிப்பவர் கையை அப்படமே காக்கும். வேலை முடிந்ததும், இணைப்புப் பெறுவதற்கு முன், 500 வோல்ட் மெக்கர் கருவியால் கம்பியின் காப்பைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஒரு மெகோமிற்குக் குறைந்தால் வேலை குறையுடையது. ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கையைப் பெற்று, மனைப் பத்திரத்துடன் வைத்துக்கொள்ளலாம்.

மெயின் ஸ்விட்சு எங்குள்ளது, அதை எப்படி அணைப்பது என்பதை வீட்டிலுள்ள முதியோரும் சிறுவரும் அறிந்திருத்தல் அவசியம். மின்சாரம் பற்றிக்கொண்டவரைக் கையால் தொடாது, முதலில் அதை அணைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆர்.சி.சி.பி.யின் மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது உடனே விழுந்தால் கருவி விழித்திருக்கிறது. விழாவிடில் அன்றே மாற்றுங்கள்.