சிரிக்க வைத்தார், சிந்திக்கவும் வைத்தார்!

முக்கூடல் பக்கம் கோவில் கொடை என்றால் வில்லுப்பாட்டுக்குத் தனிக் கூட்டம் சேரும். வில்லின் முன்னே புலவர் உட்கார்ந்திருப்பார். உடுக்கும் குடமும் ஒலிக்கும். ராஜா பேசினால் புலவரின் குரல் முழங்கும். ராணி பேசினால் குழையும். திருடன் வந்தால் கிசுகிசுக்கும். ஆள் ஒருவர்தான், குரலோ பத்து!

இந்தக் கலை செழித்த நாஞ்சில் நாட்டில் பிறந்த ஒரு பையன், பின்னாளில் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார். அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்!

சோடா விற்ற சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். ஏழைக் குடும்பம். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டது. நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். மேடையில் யார் எப்படி நடக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அந்தப் பையனுக்குப் பாடம் ஆயிற்று.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் "மேனகா" நாடகம் 1935-ல் படமாக வந்தபோது அவரும் அதில் நடித்தார். சினிமா அவரை விடவில்லை. 1936-ல் "வசந்தசேனா" படத்துக்காகப் புனா சென்றபோது டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். இருவரும் திருமணம் செய்து கொண்டார்கள். திரையிலும் இணைபிரியா ஜோடி ஆனார்கள்.

படத்துக்குள் ஒரு படம்

அந்த நாளில் படத்தின் கதை ஒரு பக்கம் போகும். கிருஷ்ணன்-மதுரம் நகைச்சுவை இன்னொரு பக்கம் போகும். வசனம், பாட்டு எல்லாவற்றையும் கிருஷ்ணனே தம் குழுவோடு அமைத்துத் தனியாகப் படம் பிடித்துக் கொடுப்பார். பட முதலாளிகள் அதைக் கதையின் நடுவே சேர்த்துக் கொள்வார்கள்.

அதில் மக்கள் தங்களையே பார்த்தார்கள். போலிச் சாமியார், சண்டைக்கார மனைவி, வாய்ச்சவடால் பேர்வழி எல்லாரும் வருவார்கள். கிருஷ்ணன் ஆளைக் கேலி செய்யவில்லை; அறியாமையைக் கேலி செய்தார். அதனால்தான் கேலிக்கு ஆளானவரும் சேர்ந்து சிரித்தார்!

இடி விழுந்தது

புகழின் உச்சியில் இருந்தபோது இடி விழுந்தது. சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் 1944 நவம்பரில் கொலை செய்யப்பட்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். இருவருக்கும் ஆயுள் தண்டனை!

மதுரம் கலங்கி உட்காரவில்லை. கணவரின் நாடகக் குழு கலையாமல் காத்தார். வழக்கையும் நடத்தினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடி விசாரிக்கும்படி அங்கே உத்தரவாயிற்று. 1947 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது.

சிறைக்குப் போய் வந்தவரைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்களா? பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனையோ மக்கள் மறுபடியும் வாரி அணைத்துக் கொண்டார்கள்.

நந்தனார் அல்ல, கிந்தனார்!

1949-ல் வந்த "நல்லதம்பி" படத்தில் அவர் கதாகாலட்சேபம் செய்தார். பாகவதரின் தலையசைப்பு, ராகம், இழுவை, பின்பாட்டு எல்லாம் அப்படியே! ஆனால் கதை நந்தனார் கதை அல்ல, கிந்தனார் கதை. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் படிக்க ஏங்கினான். ரெயில் ஏறிப் பட்டணம் போய்ப் படித்துப் பெரிய உத்தியோகஸ்தனாகத் திரும்பி வருகிறான். ரெயில் ஓடும் ஓசையையும் கலைவாணர் பாட்டிலேயே கொண்டு வந்து விட்டார்! கொட்டகை சிரித்தது. "நம் பிள்ளையும் படிக்க வேண்டும்" என்ற எண்ணம் அந்தச் சிரிப்போடு வீடு வரை சென்றது.

ஊர்க் கலையையும் அவர் மறக்கவில்லை. காந்தியடிகளின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாகப் பாடினார். அதை எழுதித் தந்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம். இளைஞராக இருந்த அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தவரே கலைவாணர்தான். அந்த இளைஞர் பிற்காலத்தில் வில்லிசையை உலகமெங்கும் கொண்டு சென்றார். பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-ல் காலமானார்.

சிரிப்பே பாட்டு

1956-ல் "ராஜா ராணி" படத்தில், சிரிப்பில் எத்தனை வகை உண்டு என்று பாடிக்கொண்டே சிரித்துக் காட்டினார் கலைவாணர். ஆளுக்கு ஆள் சிரிப்பு எப்படி மாறும் என்பதை அந்த ஒரே தொண்டையில் கேட்கலாம்.

அடுத்த ஆண்டே, 1957 ஆகஸ்டு 30-ந் தேதி, 48-ம் வயதில் அவர் மறைந்தார். கை நிறையச் சம்பாதித்தவர், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவர். சொத்து மிஞ்சவில்லை, பெயர் மிஞ்சியது.

1969 பொங்கலன்று சென்னையில் அவருடைய சிலையை முதல்-அமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுவே. சென்னையில் கலைவாணர் பெயரால் ஓர் அரங்கமும் இருக்கிறது. 2020-ல் கொரோனா காலத்தில் சட்டசபைக் கூட்டமே அங்கேதான் நடந்தது.

இன்று டெலிவிஷனில் பல குரலில் பேசிச் சிரிக்க வைக்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர். குரலைப் பிடிப்பது பயிற்சியால் வரும். யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது மனத்தால் வரும். அந்த மனம் கலைவாணருக்கு இருந்தது!