உங்களுக்குத் தெரியுமா? நம்ம ஊர் பள்ளிக்கூடங்கள்

மே மாதம் பிறந்தால் சின்ன ஊர்களில் ஒரே பேச்சு: பிள்ளையை எங்கே சேர்ப்பது? கட்டணம் கட்ட வேண்டாத பள்ளிகளே நாலைந்து இருக்கும். எல்லாம் ஒன்றுதானே என்பார்கள். இல்லை.

● ஒரே தெருவில் இருந்தாலும் இந்தப் பள்ளிகளுக்கு நிர்வாகம் வேறு வேறு. ஒன்று ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இன்னொன்று நகராட்சிப் பள்ளி, மற்றொன்று ஆதிதிராவிடர் நலத் துறையுடையது. உசிலம்பட்டிப் பக்கம் போனால் கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று தனி வகையே உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மட்டும் இருப்பவை. இப்படிச் சிதறிக் கிடப்பவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023-24 நிதிநிலை அறிக்கை சொன்னது, எதிர்ப்பும் கிளம்பியது. கழிப்பறைக் கதவு உடைந்தால் யாரிடம் மனு கொடுப்பது என்பதே பள்ளிக்குப் பள்ளி மாறும். மனு கொடுக்கக் கூச்சம் வேண்டாம்: நகராட்சியில் வீடு வைத்திருப்பவர்கள் சொத்து வரியோடு கல்வி வரியும் கட்டுகிறார்கள். ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

● "அந்த ஸ்கூல்ல சிலபஸ் டஃப்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. அதை நிறுத்திவைக்க அடுத்த ஆண்டே நடந்த முயற்சி 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி மூன்றுக்கும் பாடத்திட்டம் ஒன்றே.

● அடுத்தடுத்த காம்பவுண்டில் இரண்டு பள்ளிகள். ஒன்று அரசு மேல்நிலைப் பள்ளி, மற்றது நூறு வருடப் பழைய உதவிபெறும் பள்ளி. இரண்டிலும் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். ஆனால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு முதல் பள்ளியின் பிள்ளைக்கு மட்டும்தான்! 2020இல் வந்த சட்டம் இது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடக்கம். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். ஒதுக்கீடு செல்லும் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உதவிபெறும் பள்ளியில் படிப்பதும் பெரும்பாலும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். இந்தக் கோடு அங்கே போடப்பட்டது நியாயமா என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. எப்படியானாலும் ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. பிளஸ் டூவில் நினைவு வந்து பயனில்லை.

● கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவியரோடு தொடங்கியது. இப்போது உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் பையன்களுக்கு. உதவிபெறும் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவில் சேர்க்க ஆசைப்படுபவர்கள் "தமிழ் வழியில்" என்ற நிபந்தனையை இரண்டு தடவை படிக்கவும்.

● காலை உணவு? 2022இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024இல் கிடைத்தது. நகர்ப்புறத்தில் இருப்பவற்றுக்கு 2025 வரை காத்திருப்பு.

● பிளெக்ஸ் பேனரில் "100 சதவீதத் தேர்ச்சி" என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். மாநில ரேங்க் அறிவிப்பை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது சதவீதக் கணக்கு. சதவீதம் என்பது பரீட்சை எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடுவது. எழுதாமல் போனவர் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. சல்லடை முதலில் விழும் இடம் ஒன்பதாம் வகுப்பு. சுமாராகப் படிக்கும் பையனின் அப்பாவை அழைத்து, "டிசி வாங்கிட்டுப் போயிடுங்க, பிரைவேட்டா எழுதட்டும்" என்று இனிமையாகச் சொல்வது ஊரறிந்த பழக்கம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் யுடைஸ் என்ற 11 இலக்க அடையாள எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33இல் தொடங்கும். அதை வைத்து ஒன்றிய அரசின் யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் தேடினால் வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கை வரும். போன வருட ஒன்பதாம் வகுப்பையும் இந்த வருடப் பத்தாம் வகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 120 பேர் 80 ஆகியிருந்தால் அந்த நூறு சதவீதத்தின் விலை தெரிந்துவிடும். 90 சதவீதம் வாங்கி, யாரையும் வெளியே தள்ளாத பள்ளிக்கே என் ஓட்டு.

● டிசி வரத் தாமதம் என்று எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு.

● அதே சட்டத்தின் அட்டவணையில் இன்னொன்று: பள்ளி நூலகத்தில் கதைப் புத்தகத்தோடு செய்தித்தாளும் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் பீரோவுக்குப் பூட்டுப் போட்டிருக்கும். சாவி தலைமையாசிரியரிடம், அவர் மீட்டிங்கில்.

● பள்ளி மேலாண்மைக் குழு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தனியார் சுயநிதிப் பள்ளிக்கு இப்படி ஒரு குழு வைக்கும் கட்டாயம் கிடையாது.

● தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! அதில் ஒருவர் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் பிள்ளைகள் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் மற்றவரே ஐந்தையும் மேய்க்க வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். தலை குறைந்தால் ஒருவர் உபரியாகிப் பணி நிரவலில் வேறு ஊருக்குப் போவார். கோடையில் ஆசிரியர்கள் வெயிலில் வீடு வீடாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வந்தவருக்கு மோர் கொடுத்துவிட்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்: "டீச்சர், கணக்குக்கு நிரந்தர ஆள் இருக்காங்களா, இல்ல பிடிஏ போட்டவங்களா?"